உடையட்டும் அந்தப் பாலம்: பள்ளிச் செயல்திட்டத்தில் செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

பள்ளிக் கண்காட்சிகளில் மேசைமேல் அழகாக நிற்கும் ஐஸ் குச்சிப் பாலங்கள் பெரும்பாலும் ஒரு கிலோ எடையைக்கூடத் தாங்கிப் பார்க்காதவை. வண்ணம் பூசி, கீழே நீலத்தாளில் ஆறு ஒட்டி, இரு கரையிலும் பச்சைத்தாளில் புல் நட்டிருப்பார்கள். வந்தவர்கள் பாராட்டிவிட்டுப் போவார்கள். கண்காட்சி முடிந்ததும் பாலம் அலமாரிக்கு மேலே ஏறிவிடும். அது எவ்வளவு தாங்கும், எந்த இடத்தில் முதலில் உடையும், ஏன் அந்த இடத்தில் என்று கேட்டால் செய்த பிள்ளைக்குப் பதில் தெரியாது. கணக்கும் அறிவியலும் இருப்பதோ அந்த மூன்று கேள்விகளில்தான். பாலத்தை உடைக்கும் வரை ஏற்றிப் பார்க்காத செயல்திட்டம் வெறும் கைவேலை என்பது என் உறுதியான எண்ணம்.

6 முதல் 10 வரை எந்த வகுப்புக்கும் பொருந்துகிற மாதிரி, ஐஸ் குச்சி, தாள், தீக்குச்சி, ஈர்க்குச்சி ஆகியவற்றை மட்டும் வைத்து இதை எழுதுகிறேன். தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் 6 முதல் 8 வகுப்புகளுக்கு 2022 நவம்பரில் வானவில் மன்றம் என்ற அறிவியல், கணிதச் செயல்வழித் திட்டம் தொடங்கப்பட்டபிறகு, கையால் செய்து பார்க்கும் வகுப்புகளுக்கு நேரமும் இடமும் கிடைத்திருக்கின்றன. அந்த நேரத்தில் என்ன செய்கிறோம் என்பதுதான் கேள்வி.

குச்சியைத் தொடும் முன் செய்ய வேண்டியவை

• முதல் நாள் பாலம் கட்டச் சொல்லாதீர்கள். ஒரு தாளைக் கொடுங்கள். ஏ4 தாள் கட்டின்மேல் 80 ஜிஎஸ்எம் என்று அச்சிட்டிருக்கும். ஒரு சதுர மீட்டர் தாளின் எடை 80 கிராம் என்று பொருள். ஏ4 தாள் 16 சேர்ந்தால் ஒரு சதுர மீட்டர். ஆக ஒரு தாள் 5 கிராம். தராசே இல்லாமல் எடை கண்டாயிற்று. அங்கேயே கணக்கு தொடங்கிவிட்டது. இனி இரண்டு புத்தக அடுக்குகளை 20 செ.மீ. இடைவெளியில் வைத்து, தாளை மேலே கிடத்தச் சொல்லுங்கள். தன் எடையையே தாங்காமல் நடுவில் தொய்ந்து விழும். அதே தாளை ஒரு செ.மீ. அகலத்தில் விசிறி மடிப்பாக மடித்து வைத்தால் நாணயங்களை ஒவ்வொன்றாக அடுக்கிக்கொண்டே போகலாம். தாள் கூடவில்லை, எடை கூடவில்லை, வடிவம் மட்டும் மாறியிருக்கிறது. கடைசியில் அது எப்படித் தோற்கிறது என்பதைப் பிள்ளைகள் குனிந்து பக்கவாட்டிலிருந்து பார்க்க வேண்டும். தாள் கிழியாது, மடிப்புகள் பக்கவாட்டில் விரிந்து படுத்துவிடும். விரியாமல் இருக்க என்ன செய்யலாம் என்று கேட்டால், மேலும் கீழும் ஒரு தாள் ஒட்டலாம் என்று ஒரு பிள்ளையாவது சொல்லும். அப்போது ஒரு அட்டைப்பெட்டியின் ஓரத்தைக் கிழித்துக் காட்டுங்கள். உள்ளே அதே மடிப்பு, மேலும் கீழும் தாள்.

• பிளாஸ்டிக் ஸ்கேலை எடுத்துப் படுக்கவைத்து ஒருமுறை, விளிம்பில் நிறுத்தி ஒருமுறை வளைக்கச் சொல்லுங்கள். 3 மி.மீ. தடிமனும் 30 மி.மீ. அகலமும் உள்ள ஸ்கேல் என்று வைத்துக்கொள்வோம். வளையாமல் நிற்கும் விறைப்பு, அகலத்தோடும் உயரத்தின் கனத்தோடும் கூடுகிறது. படுத்திருக்கும்போது 30 × 3 × 3 × 3 = 810. நிற்கும்போது 3 × 30 × 30 × 30 = 81,000. நூறு மடங்கு. கனம் என்பது பாடப்புத்தகத்தில் மட்டும் வருகிற சங்கதி இல்லை என்று பிள்ளையின் கட்டைவிரலுக்கே தெரிந்துவிடும்.

• முக்கோணத்தைச் சொல்லித் தராதீர்கள், தடவிப் பார்க்க விடுங்கள். இதற்கு அறிவியல் பொம்மைகளுக்குப் பெயர்பெற்ற அரவிந்த் குப்தா நாடு முழுக்கப் பரப்பிய தீக்குச்சி, சைக்கிள் வால்வு டியூப் முறையைவிட மலிவானது எனக்குத் தெரிந்து இல்லை. டியூபை ஒன்றரை செ.மீ. துண்டுகளாக நறுக்கி, மருந்து சுரண்டிய தீக்குச்சிகளை இரு பக்கமும் செருகினால் மூட்டு தயார். மூன்று குச்சி முக்கோணத்தை அழுத்தினாலும் வடிவம் மாறாது. நான்கு குச்சிச் சதுரம் ஒரு தட்டில் சாய்ந்து சாய்சதுரமாகும். குறுக்கே ஒரு குச்சி போட்டால் நின்றுவிடும். பெரிய பிள்ளைகளுக்கு 1864-இல் இயற்பியலாளர் ஜேம்ஸ் கிளார்க் மாக்ஸ்வெல் எழுதிய எண்ணிக்கையைத் தரலாம்: தட்டையான சட்டகம் விறைப்பாக நிற்க, மூட்டுகளின் எண்ணிக்கையை 2ஆல் பெருக்கி 3ஐக் கழித்த அளவு குச்சிகளாவது வேண்டும். முக்கோணத்துக்கு 3. சதுரத்துக்கு 5; நாம் போட்டதோ 4. அதனால்தான் சாய்ந்தது.

• ஊரில் இருக்கும் சட்டகங்களை எண்ணிவரச் சொல்லுங்கள். ரயில் நிலைய நடைபாலம், செல்போன் கோபுரம், கல்யாண மண்டபத்தின் தகரக்கூரையைத் தாங்கும் இரும்பு. ராமேஸ்வரம் போய்வந்த பிள்ளை இருந்தால் பாம்பனைப் பற்றிக் கேளுங்கள். 1914-இல் திறந்த பழைய பாலத்தின் நடுக்கண் (இரு தூண்களுக்கு இடைப்பட்ட பகுதி) இரண்டு இலைகளாகப் பிரிந்து உயர்ந்தது. 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்தில் 72.5 மீட்டர் நீளக் கண் முழுதாக, படுத்தவாக்கிலேயே மேலேறும். கப்பலுக்கு வழிவிடும் முறை வேறு, சட்டகத்தின் முக்கோணம் மாறவில்லை. படத்தில் மூட்டுகளையும் குச்சிகளுக்கு ஈடான உறுப்புகளையும் எண்ணி மாக்ஸ்வெல் கணக்கைப் போட்டுப் பார்க்கட்டும்.

• விதிகளை எண்களில் எழுதிப் பலகையில் ஒட்டுங்கள். கண் 40 செ.மீ., பாலத்தின் சொந்த எடை 200 கிராமுக்கு மிகாமல், ஐஸ் குச்சியும் பசையும் நூலும் மூட்டுக்குச் சிறு அட்டையும் மட்டும் என்று. ஒரு குச்சியின் எடை சமையலறைத் தராசில் சரியாக வராது. ஐம்பதை ஒன்றாக நிறுத்து 50ஆல் வகுக்க வேண்டும். இதையும் பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும், கேட்டதும் சொல்லிவிடாதீர்கள்.

கணக்கை எங்கே நுழைப்பது

பத்தாம் வகுப்பில் முக்கோணவியல் படிக்கும் பிள்ளைக்கு சைன் 60 என்றால் தேர்வில் வரும் ஒரு எண். குச்சிப் பாலத்தில் அது ஒரு விசை. மூன்று சமபக்க முக்கோணங்களை வரிசையாக வைத்த சட்டகம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள்: கீழே இரண்டு குச்சி, மேலே ஒன்று, சாய்வாக நான்கு. மூட்டு 5, உறுப்பு 7. மாக்ஸ்வெல் கணக்குக்குச் சரி. கீழ்வரிசையின் நடுமூட்டில் 10 கிலோ தொங்குகிறது. இரண்டு கரையும் ஆளுக்கு 5 கிலோ தாங்கும். அந்த 5 கிலோவை மேலே தூக்கித்தர வேண்டியது கரையோரச் சாய்குச்சி. அது சாய்ந்து நிற்பதால் 5ஐ சைன் 60ஆல் வகுக்க வேண்டும், ஏறக்குறைய 5.8 கிலோ அமுக்கவிசை.

இப்போது பாலத்தைக் குட்டையாக்கி, சாய்வை 30 டிகிரி ஆக்கினால்? 5ஐ அரையால் வகுக்க, 10 கிலோ. சுமை அதேதான், குச்சியின் மேல் விழும் விசை ஏறிவிட்டது. தட்டையான பாலம் பார்க்க நளினமாக இருக்கும், ஆனால் அதற்கு விலை உண்டு என்பதை இந்த ஒரு வகுத்தல் காட்டிவிடும். இதைச் செய்யாமல் விட்டால் செயல்திட்டத்தின் உயிர்நாடியே போய்விடுகிறது.

• நூல் சோதனையைக் கட்டாயம் செய்யுங்கள். வால்வு டியூபில் செய்த சட்டகத்தில் ஒரு குச்சியை எடுத்துவிட்டு அதே இடத்தில் நூல் கட்டி, நடுவில் சுமை தொங்கவிடுங்கள். நூல் விறைத்து நின்றால் அந்த இடத்தில் இழுவிசை. நூல் தளர்ந்து பாலம் சரிந்தால் அமுக்கவிசை. ஏழு உறுப்புகளையும் ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்து, படத்தில் இழுவிசைக்கு நீலம், அமுக்கத்துக்குச் சிவப்பு தீட்டட்டும். மேல்குச்சியும் கரையோரச் சாய்குச்சிகளும் சிவப்பாகும். கீழ்வரிசையும் உள்சாய்குச்சிகளும் நீலமாகும். எங்கே நூல் போதும், எங்கே குச்சியை இரட்டிக்க வேண்டும் என்பதற்கு இனி யாரையும் கேட்க வேண்டியதில்லை.

• அமுக்கத்தில் நீளம் என்ன செய்கிறது என்று அளந்து பார்க்கச் சொல்லுங்கள். துடைப்பத்திலிருந்து தடிமன் சீரான ஈர்க்குச்சியை 20 செ.மீ.க்கு நறுக்கி, டிஜிட்டல் தராசின்மேல் செங்குத்தாக நிறுத்தி, மேல்நுனியில் ஒரு நாணயம் வைத்து விரலால் மெல்ல அழுத்த வேண்டும். குச்சி வில்லாக வளையும் நொடியில் தராசு காட்டும் எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும். பிறகு அதே குச்சியைப் பாதியாக வெட்டி மறுபடியும் அழுத்த வேண்டும். எண் ஏறத்தாழ நான்கு மடங்காகும். குச்சி நொறுங்கவில்லை, வளைந்துதான் தோற்றது. நீளம் பாதியானால் தாங்கும் எடை நான்கு மடங்கு என்று 18ஆம் நூற்றாண்டில் கணித மேதை லியோனார்ட் ஆய்லர் கணக்கிட்டுச் சொன்னதை ஒரு துடைப்பக் குச்சி மெய்ப்பிக்கிறது. இருமடங்கு வரும் என்று ஊகித்த பிள்ளையின் முகத்தைப் பாருங்கள். அந்தத் திகைப்பு வரட்டும் என்றுதான் இவ்வளவும் செய்கிறோம்.

• உடைக்கும் முன் ஒவ்வொரு பிள்ளையும் தனித்தனியாக எழுதித் தர வேண்டும்: எத்தனை கிலோவில் உடையும், எந்த உறுப்பு அல்லது எந்த மூட்டு, ஏன். குழுவாகப் பேசி எழுதினால் ஒருவரின் குரலே எல்லார் தாளிலும் வரும்.

செய்யக்கூடாதவை

• தெர்மாகோலில் பாலம் செய்து, மேலே குச்சி ஒட்டி மறைக்கக்கூடாது. எந்தப் பகுதி எதைத் தாங்குகிறது என்றே தெரியாமல் போய்விடும்.

• கடையில் விற்கும் தயார்நிலை மாதிரியை வாங்கக்கூடாது. இதற்கு விளக்கம் தேவையில்லை.

• பசை காயாமல் சுமை ஏற்றக்கூடாது. மரப்பசை முழு வலு பெற ஒரு நாள் விட வேண்டும். அதுவரை துணிக் கிளிப் போட்டு இறுக்கி வைக்கலாம். பசையைக் குடம்குடமாக ஊற்றுவதாலும் பயனில்லை. இரண்டு குச்சிகளின் நுனியும் நுனியும் முட்டும்படி ஒட்டாமல், ஒன்றின்மேல் ஒன்று படிய ஒட்ட வேண்டும். ஒட்டும் பரப்பு கூடினால் பிடிப்பும் கூடும்.

• மூட்டை அலட்சியம் செய்யக்கூடாது. பிள்ளைகள் குச்சியைப் பற்றித்தான் கவலைப்படுவார்கள். அவர்களின் பாலங்களில் பெரும்பாலும் முதலில் விடுவது மூட்டு. பெரிய பாலங்களிலும் இது நடந்திருக்கிறது. அமெரிக்காவின் மினியாபோலிஸ் நகரில் 2007 ஆகஸ்ட் 1 அன்று மிசிசிப்பி ஆற்றின்மேல் இருந்த நெடுஞ்சாலைப் பாலம் மாலைப் போக்குவரத்தோடு விழுந்து 13 பேர் இறந்தார்கள். உறுப்புகளை இணைக்கும் தகடுகள் இருந்திருக்க வேண்டிய தடிமனில் பாதிதான் இருந்தன என்று விசாரணை கண்டது. 1960-களில் வரைந்த வடிவமைப்பிலேயே இருந்த பிழை அது. நாற்பது ஆண்டுகள் நின்று, பிறகு ஏறிய கூடுதல் எடையில் விழுந்தது. பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இதை மறைக்காமல் சொல்லலாம். மூட்டுக்கு ஒரு சிறு அட்டை ஒட்டுகிறோமே, அது எதற்கு என்று அவர்களுக்குத் தெரிய வேண்டும்.

• "சார், பயமா இருக்கு, இன்னும் ரெண்டு குச்சி ஒட்டிக்கிறோம்" என்று வருவார்கள். காரணம் கேட்காமல் சம்மதிக்கக்கூடாது. எந்த இடத்தில், அந்த இடத்தில் என்ன விசை, எத்தனை கிராம் கூடும் என்று எழுதித் தந்தால் ஒட்டிக்கொள்ளட்டும். பாலம் முதலில் தாங்க வேண்டியது தன்னைத்தானே. கனடாவின் கியூபெக்கில், செயின்ட் லாரன்ஸ் ஆற்றின்மேல் கட்டிக்கொண்டிருந்த பாலத்தின் நடுக்கண்ணை 1,600 அடியிலிருந்து 1,800 அடியாக நீட்டினார்கள். கூடிய சொந்த எடையை உரிய நேரத்தில் திரும்பக் கணக்கிடவில்லை. அமுக்கத்தில் இருந்த கீழ் உறுப்புகள் வளையத் தொடங்கியதைச் சில நாட்களுக்கு முன்பே பார்த்தும் வேலை நடந்தது. 1907 ஆகஸ்ட் 29 அன்று பாலம் விழுந்து 75 தொழிலாளர்கள் மாண்டார்கள். ஈர்க்குச்சி தராசின்மேல் வளைந்ததும் இதே வளைவுதான்.

• ஒரே சமயத்தில் இரண்டை மாற்றக்கூடாது. உயரத்தையும் மாற்றி, பசையையும் மாற்றினால் எது உதவியது என்று சொல்ல முடியாது.

• "இதையே நூறு மடங்கு பெரிதாக்கினால் நிஜப் பாலம்" என்று விளக்கப் பலகையில் எழுதக்கூடாது. அளவு இரண்டு மடங்கானால் குறுக்குவெட்டு நான்கு மடங்கு, எடையோ எட்டு மடங்கு. கலிலியோ 1638-லேயே இதை எழுதி வைத்துவிட்டார்.

• மதிப்பெண்ணை அழகுக்குக் கொடுக்கக்கூடாது. தாங்கிய கிலோவை மட்டும் பார்த்தும் கொடுக்கக்கூடாது. 200 கிராம் பாலம் 24 கிலோ தாங்கியது, 90 கிராம் பாலம் 18 கிலோ தாங்கியது என்றால் முதலாவது சொந்த எடையைப்போல் 120 மடங்கு, இரண்டாவது 200 மடங்கு. பரிசு இரண்டாவதற்குத்தான். ஊகம் எவ்வளவு நெருங்கியது என்பதற்கும் மதிப்பெண் ஒதுக்குங்கள். 3 கிலோவில் உடைந்தாலும், 3 கிலோவில் இந்த மூட்டில்தான் விடும் என்று முன்பே எழுதிய பிள்ளை நன்றாகப் படித்திருக்கிறது.

• பையன்கள் வெட்டி ஒட்ட, பெண்பிள்ளைகள் வண்ணம் தீட்டி நோட்டு எழுத என்று வேலை பிரிய விடக்கூடாது. யாரும் சொல்லாமலே இது நடந்துவிடுகிறது. ஆசிரியர் கவனித்தால்தான் மாறும். குழுவில் நான்கு பேருக்கு மேல் வேண்டாம். வெட்டுவது, ஒட்டுவது, அளப்பது, எழுதுவது என்ற நான்கும் நாளுக்கு நாள் கைமாற வேண்டும்.

சுமை ஏற்றும் நாளில்

• ஒரே உயரமுள்ள இரண்டு மேசைகளுக்கு நடுவே பாலத்தை வையுங்கள். இரு பக்கச் சட்டகங்களின் கீழ்மூட்டுகளில் படியும்படி குறுக்கே ஒரு கம்பி வைத்து, அதில் வாளியைத் தொங்கவிடுங்கள். கம்பி குச்சியின் நடுவில் உட்காரக்கூடாது. உட்கார்ந்தால் குச்சி வளைந்து உடையும், நாம் போட்ட சட்டகக் கணக்கு எதுவும் பொருந்தாது. வாளிக்கும் தரைக்கும் இடையே நான்கு விரற்கடை போதும். யாருடைய காலும் கீழே இருக்கக்கூடாது. அருகில் நிற்பவர்கள் கண்ணாடி அணிய வேண்டும். குச்சித் தெறிப்பு கண்ணைத்தான் தேடும்.

• எடைக்கல் தேட வேண்டாம், தண்ணீர் ஊற்றுங்கள். ஒரு லிட்டர் ஒரு கிலோ. அரை லிட்டர் பாட்டிலால் அளந்து அளந்து ஊற்ற, ஒரு பிள்ளை எண்ணிச் சொல்லட்டும். காலி வாளியின் எடையையும் கம்பியின் எடையையும் கூட்டாமல் விட்டுவிடுவார்கள். முதலிலேயே நிறுத்து எழுதிவைக்கச் சொல்லுங்கள்.

• தொய்வை அளக்காமல் அடுத்த அரை லிட்டரை ஊற்ற விடாதீர்கள். பாலத்தின் நடுவில் ஒரு குண்டூசியை முள்ளாக ஒட்டி, பின்னால் ஸ்கேலைச் செங்குத்தாக நிறுத்தினால் போதும். சுமையைக் கிடையிலும் தொய்வைச் செங்குத்திலும் வைத்துக் கிராஃப் தாளில் அங்கேயே புள்ளி வைத்துக்கொண்டு போக வேண்டும். முதலில் புள்ளிகள் ஏறக்குறைய நேர்கோட்டில் விழும். ஒரு கட்டத்தில் கோடு மேல்நோக்கி வளையத் தொடங்கும். அதே அரை லிட்டருக்குத் தொய்வு முன்னைவிடக் கூடுதலாக வரும். அந்த நேரத்தில் கூட்டத்தைப் பேசாமல் இருக்கச் சொன்னால், மூட்டுகளில் மெல்லிய டிக் டிக் சத்தம் கேட்கும். பாலம் முன்கூட்டியே தகவல் சொல்கிறது. கோடு வளைந்ததைக் கண்டு, இன்னும் இரண்டு பாட்டிலில் போய்விடும் என்று ஒரு பிள்ளை சொல்லி, அப்படியே நடந்துவிட்டால் வகுப்பறை ஆரவாரிக்கும். ஆரவாரிக்கட்டும்.

• உடைந்ததும் கூட்டிப் பெருக்கக்கூடாது. துண்டுகளை இருந்தபடியே படம் எடுத்து, முதலில் விட்ட மூட்டைத் தேடிப் பிரித்து வைத்து, குச்சி முறிந்ததா, வளைந்ததா, பசை உரிந்ததா என்று எழுத வேண்டும். பசை உரிந்திருந்தால் ஒட்டிய முகத்தைப் பாருங்கள். மரநார் பிய்ந்து வந்திருந்தால் பசை நன்றாகப் பிடித்திருக்கிறது. முகம் வழவழப்பாக இருந்தால் பிடிக்கவே இல்லை.

வீட்டில்

பெற்றோர் இரவு பதினொரு மணிக்கு உட்கார்ந்து குச்சி ஒட்டிக்கொடுப்பது அன்பால்தான். ஆனாலும் செய்யாதீர்கள். ஒரு பிள்ளையின் கோணலான பாலம் அதற்கே சொந்தமான பாலம். பொருள் வாங்கித் தாருங்கள், ஒட்டும்போது ஒரு முனையைப் பிடித்துக்கொள்ளுங்கள், ஏன் இந்தக் குச்சி இங்கே என்று கேளுங்கள். பிளேடும் சூட்டுப்பசைத் துப்பாக்கியும் மட்டும் உங்கள் கண்முன் இருக்கட்டும். அந்தத் துப்பாக்கியின் நுனி 200 டிகிரியை ஒட்டிச் சூடாகும். பசை தோலில் ஒட்டிக்கொண்டே சுடும். சின்ன வகுப்புகளுக்கு அது தேவையே இல்லை.

கால அட்டவணை

ஆசிரியர்கள் தவறாமல் செய்ய வேண்டிய ஒன்று, இரண்டாவது பாலத்துக்கு நேரம் ஒதுக்குவது. ஒரு வாரம் கட்டி, கடைசி நாளில் உடைத்துப் பரிசு கொடுத்தால், எங்கே பிழை என்று தெரிந்த அதே நிமிடத்தில் வேலை முடிந்துபோகிறது. மூன்று வாரம் என்று வையுங்கள். முதல் வாரம் தாளும் தீக்குச்சியும் ஈர்க்குச்சியும். இரண்டாவது வாரம் முதல் பாலம் கட்டி உடைப்பது. மூன்றாவது வாரம் அதே எடைக்குள் இரண்டாவது பாலம், ஒரே ஒரு மாற்றத்தோடு. மேல்குச்சி வளைந்து தோற்ற குழு, நடுவில் ஒரு தாங்கல் கொடுத்து அதன் நீளத்தைப் பாதியாக்கலாம். இரண்டு பாலங்களின் தொய்வுக் கோடுகளையும் ஒரே கிராஃப் தாளில் வரைந்து கண்காட்சியில் மாட்டுங்கள். உடைந்த மூட்டை அதன் பக்கத்திலேயே குண்டூசியால் குத்தி வையுங்கள்.